பாலிஷ்காரர் செய்த இடக்கைக் கிடார்

பல்செட் செய்யும் கூடத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பாலிஷ்காரர். முப்பத்தொரு வருஷமாக அங்கே இருக்கிறார். மெழுகு உருக்க ஒருவர், பல் அடுக்க ஒருவர், ஈறு நிறத்துப் பிளாஸ்டிக்கை அச்சில் வேகவைத்து எடுக்க ஒருவர் என்று ஆளுக்கொரு வேலை. எல்லாம் முடிந்து சொரசொரவென்று வந்து விழும் செட்டைச் சக்கரத்தில் உராய்ந்து, பொடி போட்டுத் தேய்த்து, பளபளவென்று டப்பாவில் போடுவது இவர். மற்றவர்கள் தப்பு செய்தால் பூசி மெழுகிவிடலாம். இவர் ஒரு முனையை விட்டுவிட்டால் மறுநாளே நாக்கில் புண்ணோடு ஒரு மனிதர் டாக்டர் முன்னால் போய் நிற்பார். அதனால் எதை எடுத்தாலும் விரல் நுனியால் தடவிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சீப்பு, கதவு, தட்டின் விளிம்பு எதுவும் தப்பாது. "கல்யாணம் ஆன புதுசுல என் கையைப் பிடிச்சாரு. ஆசையாத்தான் பிடிக்கிறாருன்னு நினைச்சேன். பாத்தா வளையல்ல முனை இருக்கான்னு தடவறாரு" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. அது ஓடிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆறு மணிக்குக் கூடத்தை விட்டுக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, அறுபத்தாறு படி ஏறி வந்து சேரும்போது மனிதர் பிழிந்துபோட்ட துணியாக இருப்பார். காதுக்குள் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டில் மூன்று பேர்தான். அவர், துணிக்கடையில் அளவு திருத்தும் வேலை பார்க்கும் மனைவி, அவரைவிடப் பதினோரு வயது இளைய தம்பி. தம்பிக்கு நாற்பத்தைந்தாகிறது, கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "இந்த வீட்டுல ஒருத்தர் அடங்கி இருக்கறது போதாதா அண்ணி?" என்பான்.

முன்பெல்லாம் பாலிஷ்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் பால்கனியிலிருந்து தம்பியின் குரல் வந்துவிடும்.

"அண்ணா, இன்னைக்கு யாரு பல்லு?"

"ஒரு வாத்தியாரு. பாடம் நடத்தறப்ப தும்மியிருக்காரு. செட்டு பறந்து போய்க் கரும்பலகையில அடிச்சுச்சாம். முன்பல்லு ரெண்டு காலி."

பாதி நிஜம், பாதி அண்ணனின் கைச்சரக்கு. தம்பி மடியில் கிடாரை வைத்து நெருடிக்கொண்டே கேட்பான். கதையில் தும்மல் வந்தால் தந்தியில் ஒரு தும்மல் போடுவான். அந்த அரைமணி நேரத்தில் பாலிஷ்காரருக்குக் காதில் சுற்றும் சக்கரம் எப்போது நின்றது என்றே தெரியாது.

தம்பிக்கு அப்போது நிலையான வேலை இல்லை. சாயங்காலங்களில் ஒரு சாப்பாட்டு விடுதியில் மூலையில் உட்கார்ந்து வாசிப்பான். சாப்பிடுகிறவர்கள் கரண்டிச் சத்தத்தோடு கேட்பார்கள். அதுவே போதும் என்று இருந்தவனை விட்டாரா இவர்? "வயசு ஏறிக்கிட்டே போகுதுடா, கை கால் நல்லா இருக்கறப்பவே ஒரு வேலையில உக்காரு" என்று நச்சரித்து, பல்செட் மாற்ற வந்த ஒரு மேனேஜரைப் பிடித்து, டப்பா மூடி செய்யும் தொழிற்சாலையில் அவனைச் சேர்த்துவிட்டார். நான்காவது மாதம் தகடு வெட்டும் மெஷின் அவன் இடது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துக்கொண்டது. கை கால் நல்லா இருக்கறப்பவே என்று தான் சொன்ன வார்த்தை பாலிஷ்காரரின் தொண்டையில் அன்றைக்குச் சிக்கியதுதான், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கிடார் வாசிப்பவனுக்கு வலது கை மீட்டும், இடது கை விரல்கள் கழுத்தில் தந்தியை அழுத்தும். அழுத்துகிற விரல் இரண்டு போனால் வாசிப்பும் போனமாதிரிதான். தம்பி அழுது ஆர்ப்பாட்டமெல்லாம் செய்யவில்லை. கட்டுப் பிரித்த வாரமே கிடாரை விடுதிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தான். அதே தொழிற்சாலையில் வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் பெயர் எழுதும் வேலை கொடுத்தார்கள், போனான். பால்கனியில் மட்டும் வழக்கம்போல் உட்கார்ந்து, "இன்னைக்கு யாரு பல்லு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணனும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தும்மல் வருகிற இடத்தில் சத்தம் வராது. அந்த இடம் வரும்போதெல்லாம் பாலிஷ்காரர் கதையை அவசரமாகத் தாண்டிப்போவார்.

ஒருநாள் கேட்டேவிட்டார். "கை மாத்திப் பிடிச்சு வாசியேன்டா. வலது கையால அழுத்து, இடது கையால மீட்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் இருக்கே."

"அதெல்லாம் சரியா வராதுண்ணா."

"ஏன் வராது?"

"அதுக்குன்னு தனி கிடாரு வேணும். தடித்த தந்தி, மெல்லிசு எல்லாம் இடம் மாறணும். உள்ள ஒட்டற மரச்சட்டமே வேற மாதிரி. இங்க எந்தக் கடையில கிடைக்குது? விடு."

விடு என்றுதான் சொன்னான். பாலிஷ்காரர் காதில் அது மட்டும் விழவில்லை. தனி கிடார் வேணும் என்பது விழுந்தது. மறுவாரம் மரப்பலகைகளும் ஒரு பெரிய வரைபடத் தாளும் வீட்டுக்கு வந்து இறங்கின.

சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்குக் கை உண்டு. அரை மில்லிமீட்டர் அவருக்குப் பெரிய தூரம். ஆனால் ஒன்பது மணி நேரம் சக்கரத்தின் முன் நின்றுவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு மறுபடியும் ரம்பத்தை எடுப்பது என்றால் ஐம்பத்தாறு வயது உடம்பு சும்மா இருக்குமா? வீட்டு முன்னறையின் மூலையில், சுவரைப் பார்த்து ஒரு மேசை போட்டார். இரண்டு மெல்லிய பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி முகப்பு ஆயிற்று. பக்கவாட்டுப் பலகையை ஈரமாக்கிச் சூடான இரும்புக் குழாயில் வைத்து வளைக்க வேண்டும். முதல் பலகை படக்கென்று ஒடிந்தது, இரண்டாவதும் ஒடிந்தது, மூன்றாவதுக்குள் மூன்று விரல் கொப்பளித்தது. உள்விளிம்பில் ஒட்டும் சின்னப் பட்டைகளைப் பசை காயும்வரை பிடித்துக்கொள்ளத் துணி கிளிப்தான் தோதானது என்று கண்டுபிடித்தார். நாற்பது கிளிப்பும் கிடாருக்குப் போயிற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் காற்றில் பறந்து முதல் மாடிக்காரர் ஜன்னலில் தொங்கியது.

"என்னங்க, சாப்பாட்டுல மரத்தூள், தலையணையில மரத்தூள். போன ஞாயித்துக்கிழமை குளியலறையில அந்த இரும்புக் குழாயச் சூடு பண்ணியிருக்கீங்க. நான் எங்கதான் போறது?" என்றாள் மனைவி.

"இன்னும் கொஞ்ச நாள்தான்."

"இதையே ஆறு மாசமா சொல்றீங்க."

தம்பி முதல் சில வாரங்கள் பால்கனியிலிருந்து, "அண்ணா, இன்னைக்கு யாரு பல்லு?" என்று கேட்டான். "இருடா, பசை காய்ஞ்சுடும்" என்று இவர் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார். பிறகு அவன் கேட்பதை நிறுத்திக்கொண்டான். நிறுத்தியதை இவர் கவனிக்கவில்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய போர்வை போட்டு மூடிவிடுவார். தம்பியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

இங்கேதான் ஒரு சங்கதி. தாளில் இருந்தது எல்லோரும் வாசிக்கும் சாதாரண வலக்கைக் கிடார். இடக்கைக்காரருக்கு என்றால் தாளைப் புரட்டிப்போட்டு வரைந்துகொள்ளவும் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பும் இருந்தது. பாலிஷ்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளைப் புரட்டி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்து, டிரேசிங் பேப்பரில் ஒரு கோடு விடாமல் எடுத்தார். அதுவரை சரி. ஆனால் பல்செட் கூடத்தில் டாக்டர் அனுப்பும் சீட்டு எப்படி இருக்கும் தெரியுமா? நோயாளி நமக்கு எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்ததுபோல் வரைந்திருப்பார்கள். சீட்டில் இடப்பக்கம் இருப்பது அவருடைய வலப்பக்கப் பல். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதில் ஒரு மாதமாவது தடுமாறுவார்கள். முப்பத்தொரு வருஷக்காரருக்குத் தடுமாற்றமா? சீட்டைப் பார்த்ததும் மூளையைக் கேட்காமலே கை திருப்பிக்கொள்ளும். அந்தக் கைதான், ஒவ்வொரு முறை டிரேசிங் பேப்பரைப் பலகைமேல் வைக்கும்போதும், எதிரே இருப்பவருக்கு இது வலது, நமக்கு இடது என்று இன்னொரு தடவை புரட்டி வைத்தது. இரண்டு தடவை புரட்டினால் எங்கே வரும்? புறப்பட்ட இடத்துக்கே வரும். முகப்புக்கு உள்ளே ஒட்டும் சட்டங்கள், தந்தியைத் தாங்கும் கட்டையின் சரிவு, கழுத்தின் ஓரத்தில் பதிக்கும் புள்ளிகள் எல்லாமே அப்படித்தான் போயின. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே வளைவு. யாருக்கு என்ன தெரியும்?

பின்பலகை ஒட்டிக் கிடாரின் பெட்டியை மூடிய பிறகு பாலிஷ் வேலை. அங்கேதான் மனிதர் சிக்கிக்கொண்டார். அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பழைய பனியனைப் பந்தாகச் சுற்றி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாகப் பூச வேண்டும். கை எங்கேயும் நிற்கக்கூடாது. நின்றால் துணி ஒட்டிக்கொண்டு தழும்பாகிவிடும். ஒரு பூச்சு காற்றளவுதான் கனம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் இன்னொன்று. இருபது பூச்சு போதும் என்று தாளில் போட்டிருந்தது. இவர் அறுபது போட்டார். ஒரு மூலையில் மங்கலாகத் தெரிந்தால் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். நான்கு தடவை அப்படி. தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி. பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, இரண்டு நாள் இறங்கும் இடத்தைத் தாண்டிப் போனார். பல்செட் கூடத்தில் ஒருநாள் மேல்செட்டையும் கீழ்செட்டையும் வேறு வேறு ஆளுடைய டப்பாவில் போட்டு, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகத் திட்டு வாங்கினார்.

"முடிஞ்சதுன்னு வச்சா என்ன? அதுல முகமே தெரியுதே" என்றாள் மனைவி.

"இல்ல, அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம்."

ஓரமாவது மண்ணாவது! முடித்தால் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவன் வேண்டாம் என்று சொல்லலாம். தேய்த்துக்கொண்டே இருக்கும்வரை அந்த வார்த்தையைக் கேட்க வேண்டியதில்லை. இது அவருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் அவரை முடிக்கவைத்தது அலுப்புதான். ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பனியன் பந்தைக் கையில் எடுத்தார். கை மேலே எழும்பவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு பந்தைக் குப்பையில் போட்டுவிட்டுத் தந்தி பாக்கெட்டைப் பிரித்தார். வாசிக்கத் தெரியாதவர்; தாளில் போட்டிருந்தபடி, சரிவு எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கம் தடித்த தந்தி என்று ஆறையும் பூட்டினார். விரலால் முழுக்கத் தடவிப் பார்த்தார். ஒரு முனைகூடத் தட்டவில்லை.

தம்பி பால்கனியில் இருந்தான். அவர் கிடாரை அவன் மடியில் வைத்தார். எப்போதோ வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறவரைப்போல், வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

தம்பி முதலில் கையைத் துடைத்துக்கொண்டான். முகப்பில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தான். "யப்பா!" என்றான். பிறகு கழுத்து வலது பக்கம் வரும்படி திருப்பிப் பிடித்து, தலையைக் குனிந்து தந்திகளைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"என்னன்னு சொல்லு. பாலிஷ் மங்கலா இருக்கா?"

"மெல்லிசு தந்தி மேல இருக்குண்ணா."

"அப்படின்னா?"

தம்பி கிடாரைப் பழைய மாதிரியே, கழுத்து இடது பக்கம் வரும்படி திருப்பினான். "இப்ப சரியா இருக்கு. இது வலக்கைக் கிடாரு."

பாலிஷ்காரர் உள்ளே ஓடிப்போய் டிரேசிங் பேப்பரை எடுத்துவந்தார். அதைக் கிடார்மேல் வைத்தார், எடுத்தார், புரட்டினார், மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை தன் கை தானாகத் திரும்புவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார்.  தம்பிக்கும் விளங்கிவிட்டது. அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று இவர் பதறிக் குனிந்தால், சிரிக்கிறான்.

"அண்ணா, நீ எனக்குப் பல்செட்டு பண்ணியிருக்க!"

கதவருகே வந்து நின்ற மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாத்தி செஞ்சுட்டீங்களா? அப்ப என் நாப்பது கிளிப்பும் போனது போனதுதானா?"

பாலிஷ்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. தந்தியைத் தளர்த்தும் திருகைப் பிடித்தார். "குடு. கழட்டிடறேன். பின்பலகைய எடுத்துட்டு, சட்டத்தையெல்லாம் பேத்துட்டு, அந்தக் கட்டைய மாத்தி... ஒரு எட்டு மாசம். பாலிஷோட சேத்து ஒரு வருஷம்."

"தொடாதண்ணா."

"இல்லடா, தப்பு என்னோடது..."

"தொடாதன்னு சொல்றேன்ல!"

தம்பி அவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

"இன்னும் ஒரு வருஷமா? ஒன்றரை வருஷமா உன் முதுகத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். விரல் போனப்பகூட எனக்கு இப்படி இல்லண்ணா. ஆஸ்பத்திரியில நீ பக்கத்துல உக்காந்து பல்லு கதை சொல்லிக்கிட்டிருந்த. வலியில பாதி காதுல விழல, ஆனா நீ இருந்த. அப்புறம் இந்தக் கட்டை வந்துச்சு, நீ அந்த மூலைக்குப் போன. நான் கேட்டேனா கிடாரு?"

"கேட்டியேடா. தனி கிடார் வேணும்னு..."

"உன் வாய அடைக்கச் சொன்னேன்ணா!"

பாலிஷ்காரர் திருகிலிருந்து கையை எடுத்தார்.  பால்கனி பெஞ்சின் ஓரத்தைப் பிடித்து, தம்பியின் இடது பக்கம் மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒன்றரை வருஷத்து அலுப்பும் ஒரேயடியாக வந்து மேலே ஏறிக்கொண்டது. தொண்டையில் சிக்கியிருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது.

"நான்தான்டா உன்ன அங்க சேத்துவிட்டேன்."

"ஆமா," என்றான் தம்பி. "நீதான் சேத்துவிட்ட." இல்லை என்று மறுக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கீழே தெருவைப் பார்த்தான். "விரலு போச்சு. அதோட நீயும் போயிட்டா நான் என்னண்ணா பண்ணுவேன்?"

அண்ணன் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார்; விரலெல்லாம் அரக்கு. சட்டைத் தோளிலேயே துடைத்துக்கொண்டார். மனைவி சத்தம் காட்டாமல் உள்ளே போனாள். மூலையில் போர்வையை உதறும் ஓசையும், மேசையை இழுத்து ஓரம் கட்டும் ஓசையும் கேட்டன.

தம்பி கிடாரை மடியில் பழைய மாதிரியே அமர்த்தினான். திருகுகளை முறுக்கிச் சுருதி சேர்க்க நேரம் பிடித்தது. இடது கையின் ஆள்காட்டி விரலைத் தடித்த தந்திக்கு அடுத்ததில் வைத்தான். சுண்டுவிரல் அவ்வளவு தூரம் எட்டாது; மற்ற இரண்டு இடங்களுக்குப் போக விரல் இல்லை. வெட்டுப்பட்டு மிஞ்சிய குட்டை விரல்கள் காற்றில் அசைந்தன; அவற்றுக்குப் பாதை மறக்கவில்லை.

"உன் விரலக் குடுண்ணா. இங்க, இந்தத் தடித்ததுல, மூணாவது கட்டம். இன்னொரு கையால அந்தக் கடைசித் தந்தி, அதே கட்டம். அழுத்து."

"அழுத்திக்கிட்டுதான்டா இருக்கேன்."

"தடவற. அழுத்து."

பாலிஷ்காரர் அழுத்தினார். தந்தி விரலை அறுத்தது. முப்பத்தொரு வருஷமாக முனையில்லாமல் செய்வதே வேலையாக இருந்தவருக்கு, இவ்வளவு கூரான ஒன்றை வேண்டுமென்றே அமுக்கிப் பிடிப்பது விசித்திரமாக இருந்தது. தம்பி வலது கையால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தான். பெட்டி அதிர்ந்தது. முழுச் சத்தம் வந்தது, ஒரு தந்தி மட்டும் கரகரத்தது. இன்னொரு தடவை இழுத்தான். அண்ணனின் நெஞ்செலும்பு வரைக்கும் வந்து தொட்டது.

இருவரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தம்பி அதே ஒன்றையே திரும்பத் திரும்ப மெதுவாக மீட்டிக்கொண்டிருந்தான், வேறு எதற்கும் அண்ணனின் விரல் பழகாது என்று அவனுக்குத் தெரியும்.

"சரி," என்றான், தந்தியைப் பார்த்தபடியே. "நேத்து யாரு பல்லு?"

பாலிஷ்காரருக்குச் சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒன்றரை வருஷமாக யாருடைய பல் என்று அவர் சீட்டில் பார்த்ததே கிடையாது. வரும், தேய்ப்பார், டப்பாவில் போடுவார். யோசித்தார். நேற்றைய சீட்டில் என்னவோ எழுதியிருந்ததே.

"ஒரு பஸ் கண்டக்டரு" என்று ஆரம்பித்தார். குரல் கரகரவென்று வந்தது. "விசில் ஊதினா செட்டும் சேந்து வெளிய வருதாம். அந்த ஆளு என்ன பண்ணான்னா..."

தம்பி தந்தியில் ஒரு விசில் போடப் பார்த்தான். வலி தாங்காமல் அண்ணனின் விரல் தளர்ந்தது, சத்தம் செத்துப்போயிற்று.

"கைய எடுக்காதண்ணா," என்றான் தம்பி. "சொல்லு, அப்புறம்?"